விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள்

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறுகிறது. டீக்கடையில் சொன்னாலும் சரி, டிவியில் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து சொன்னாலும் சரி. அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே வருவது. ஏனென்றால் அந்த வாக்கியத்தை நானும் எழுதியிருக்கிறேன். கோடு போட்ட வெள்ளைத் தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் என் கைப்பட எழுதி, கீழே பதினோரு பெண்களிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தேன்.

நான் சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேபில் ஒட்டுகிறவள். மத்தாப்புப் பெட்டிக்கும் வெடிக் கட்டுக்கும் மேலே பளபளவென்று இருக்கிறதே, அந்தக் காகிதம்தான் லேபில். எங்கள் அறையில் என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். தபால் வழியில் பி.ஏ. தமிழ் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பாங்கு பாரம், லீவு லெட்டர், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் எல்லாம் என்னிடம்தான் வரும். "எழுதுற அக்கா" என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. பொய் சொல்வானேன்.

எங்கள் பக்கம் சித்திரைப் பொங்கல் சமயத்தில் பெண்கள் கபடிப் போட்டி நடக்கும். கோப்பை கம்பெனிக்காரர்கள் கொடுப்பது. பார்க்கிற கூட்டமும் கம்பெனிக்காரர்கள் கொடுப்பதுதான். கேலிக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு மதியத்தோடு வேலையை நிறுத்தி, காலையில் எங்களை ஏற்றி வந்த அதே வேனில் மைதானத்துக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். ஆளுக்கொரு தொப்பி, கம்பெனி பெயர் போட்டது. மைதானத்தைச் சுற்றி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பேனர் கட்டியிருக்கும். அந்தந்த பேனருக்குக் கீழேதான் அந்தந்த ஆட்கள் உட்கார வேண்டும். நாரணாபுரத்துப் பக்கத்து ஆட்கள் ஒரு மூலையில், விஸ்வநத்தத்துக்காரர்கள் எதிரே. நாங்கள் மேடைக்கு நேர் எதிர். கத்துகிற கத்தலில் மறுநாள் யாருக்கும் குரலே இருக்காது.

வருஷம் முழுவதும் குனிந்து பசை தடவுகிறவர்களுக்கு எழுந்து நின்று கத்தக் கிடைக்கிற ஒரே நாள் அது. எனக்குக் கபடி என்றால் உயிர். யார் எந்தக் கால் எடுத்து வைத்து நுழைவாள், யாருக்கு மூச்சு சீக்கிரம் வாங்கும் என்று மனப்பாடமாகச் சொல்வேன்.

அதிலும் ஒருத்தியைப் பார்க்கத்தான் அந்தப் பாடு. எங்கள் ஆள் அவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு எங்கள் அறைக்கு வந்து, என் எதிரே உட்கார்ந்து ஒரு வருஷம் லேபில் ஒட்டினாள். அப்புறம் கூலி கூடுதல் என்று மருந்து அறைக்கு மாறினாள். வெடிக்குள் மருந்து அடைக்கிற அறை அது. அங்கே ஒரு வருஷம். சாயங்காலம் வேன் விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் மைதானத்துக்கு ஓடுவாள். பிறகு மாநில அணியில் எடுத்தார்கள், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலையும் கிடைத்தது. எங்கள் அறையில் அன்றைக்கு ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்துக் கொண்டாடினோம்.

அவள் பாடிப் போவதற்கு முன்னால் ஒன்று செய்வாள். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் குனிந்து, வலது உள்ளங்கையை முழுசாகத் தரையில் பதித்து, ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்பாள். பிறகுதான் கோட்டைத் தாண்டுவாள். மைக்கில் பேசுகிறவர், "இதோ, மண்ணைத் தொட்டு வணங்குகிறார் நம் வீராங்கனை" என்பார். டிவியில் ஒருவர் "தாய்மண் பக்தி" என்றே சொன்னார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அது பக்தியும் இல்லை ஒன்றும் இல்லை. மருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே போகிறவர்கள் அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் நிற்கிற கரண்ட் அந்தத் தகடு வழியாகக் கம்பியில் இறங்கி மண்ணுக்குப் போய்விடும். போகாவிட்டால் ஒரு பொறி போதும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தத் தகட்டைத் தொட்ட கை, ஆபத்தான இடத்துக்குள் நுழையுமுன் தானாகவே கீழே போகிறது. சிவகாசிக்காரிக்கு மட்டும் புரிகிற விஷயம்.

அந்தத் தகட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆயுத பூஜை. அன்றைக்கு மருந்தையெல்லாம் அப்புறப்படுத்தி, அறைகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சாமான்களுக்குப் பொட்டு வைப்போம். செம்புத் தகட்டைக் கழற்றிப் புளி போட்டு விளக்குவது வழக்கம். அந்த வருஷம் அவளும் நானும் அந்த வேலையில் இருந்தோம். அவள் திருகாணியைத் திருப்பினாள். தகடு கையோடு வந்தது. பின்னால் கம்பி ஒரு சாண் நீளம் தொங்கியது. அதற்குக் கீழே கம்பியே இல்லை. சுவரின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தோம். மண்ணுக்குள் எதுவும் போகவில்லை. அத்தனை நாள் எல்லாரும் வெறும் சுவரைத் தொட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள்.

போர்மேனிடம் சொன்னேன். "சீசன் முடியப் போகுது, இப்பப் போயி ஆரம்பிக்காதம்மா. பூச முடியட்டும், ஆள் வந்து கனெக்சன் குடுப்பான்" என்றார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? விளக்கிய தகட்டைத் திரும்பச் சுவரில் மாட்டி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டோம். செத்த தகட்டுக்குப் பொட்டு வைத்த கை இது. அவள் அதற்குப் பிறகும் இரண்டு தடவை போர்மேனிடம் கேட்டாள். அடுத்த மாசம் மாநில அணிக்குப் போய்விட்டாள். நான் கேட்கவில்லை. லேபில் அறைக்குத் தகடும் கிடையாது, மருந்தும் கிடையாது. அடுத்த வருஷ பூஜைக்கு அந்த அறையைச் சுத்தம் பண்ணுகிற வேலைக்கு நான் போகவில்லை. வேண்டுமென்றேதான் போகவில்லை. போய்ப் பார்த்தால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த வருஷம் மாசி மாசம் ஒரு காலை நேரத்தில் அந்த அறை வெடித்தது. இரண்டு பேர். ஒருவர் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத மனிதர். இன்னொருத்தி என் கூட ஒரே வேனில் வருகிறவள், மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறக்கிறவள். அறை தரைமட்டம். எது தகடு, எது தகரம் என்று தெரியாத அளவுக்கு எல்லாம் உருகிக் கிடந்தது. ஆலைக்குச் சீல் வைத்தார்கள். அதே முதலாளியின் இன்னொரு ஆலைக்கு எங்களை மாற்றினார்கள். "தகட்டத் தொடாம உள்ள போயிருக்கா, அவ கவனக்குறைவு" என்று போர்மேன் சொன்னார். இரண்டு நாளில் ஊரே அதைச் சொன்னது. செத்தவள் எழுந்து வந்து நான் தொட்டேன் என்று சொல்ல முடியுமா?

இது நடந்து ஐம்பது நாள் ஆகவில்லை, சித்திரை பிறந்தது, மைதானத்துக்குத் தோரணம் கட்டினார்கள். எங்களுக்குத் தொப்பி வந்தது. நாங்களும் போட்டுக்கொண்டு போனோம்.

அன்று இறுதியாட்டம். அவள் விளையாடியது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கடைசி இரண்டு நிமிஷத்தில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, நாலாவது ஆள் காலைப் பிடித்தபடியே கோட்டில் கை வைத்தாள். கோப்பை அவள் அணிக்கு. மேடையில் அரசியல் பிரமுகர்கள் எட்டுப் பேர், முதலாளிகள் ஐந்து பேர். கோப்பையைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். எல்லாரும் நன்றி சொல்வாள் என்று நினைத்தோம்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "நான் கோட்டத் தாண்டுறதுக்கு முன்னாடி தரையத் தொடுறதப் பாத்திருப்பீக. அது கம்பெனியில படிஞ்ச பழக்கம். நான் தொட்ட தகட்டுக்குப் பின்னால கம்பி இல்ல. நானே கழட்டிப் பாத்தேன். மாசியில செத்துப்போன அக்காவும் அதத்தான் தொட்டுட்டு உள்ள போனாக. அவுக மேல பழி போடாதீக. மத்த எல்லாக் கம்பெனித் தகட்டையும் கழட்டிப் பாருங்க."

மைக்கை அணைத்துவிட்டார்கள். எங்கள் பேனருக்குக் கீழே ஒருத்தி கைதட்டினாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்து இறக்கினாள். நான் இரண்டும் செய்யவில்லை. தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டேன்.

வேனில் வரும்போதே தொடங்கிவிட்டது. "விளையாட வந்தவ விளையாடிட்டுப் போக வேண்டியதுதான், இவளுக்கு எதுக்கு அரசியல்?" என்று டிரைவர் சொன்னார். மறுநாள் எல்லார் போனிலும் அதுதான். எந்தக் கட்சியோ பேசச் சொல்லி அனுப்பியதாம். தேர்தலில் நிற்கப் போகிறாளாம். இனி இவள் ஆட்டத்தை எவனும் பார்க்கக்கூடாதாம்.

இங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டம் தொடங்குமுன் சுண்டின காசு யார் கையில் இருந்தது? ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் கையில். வருகிற ஒவ்வொரு பிரமுகருக்கும் ஆட்டத்தை நிறுத்தி ஆயிரம்வாலா போட்டார்களே, புகை அடங்கும் வரைக்கும் பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்களே, அது எந்த விளையாட்டு விதி? கோப்பை வாங்குகிறவள் மேடையில் இருக்கிற எட்டுப் பேருக்கும் குனிந்து கும்பிடுகிற வரைக்கும் அது விளையாட்டு. நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசினால் அரசியல். மைதானத்தைச் சுற்றிப் பறக்கிற கொடிகளை விட்டுவிட்டு, வியர்வை வழிய நிற்கிற ஒருத்தியிடம் மட்டும் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். இந்தப் பித்தலாட்டத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் அந்த வயிற்றெரிச்சல் அன்றைக்கு வரவில்லை. அதுதான் என் லட்சணம்.

மூன்றாம் நாள் போர்மேன் எங்கள் அறைக்கு வந்தார். கையில் கோடு போட்ட தாள். "ஏம்மா, நீதான நல்லா எழுதுவ. இந்தப் பிள்ள பேசுனதுக்கும் நம்மளுக்கும் சம்பந்தம் இல்ல, அவ சொன்னது பொய்யின்னு ஒரு கடுதாசி எழுது. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. முதலாளி ரொம்ப மனசு ஒடிஞ்சு போயிருக்காக" என்றார். மிரட்டவில்லை. எங்கள் ஊரில் அதற்கு அவசியமும் இல்லை. சீல் வைத்த ஆலையிலிருந்து வந்தவர்கள் நாங்கள், எப்போது வேண்டுமானாலும் "ஆள் அதிகமா இருக்கு" என்று நிறுத்திவிடலாம்.

எழுதினேன். அவர் சொன்னது இரண்டு வரிதான். நான் எழுதியது ஒரு பக்கம். "விளையாட்டு என்பது சாதி, மதம், அரசியல் கடந்த புனிதமான ஒன்று" என்று ஆரம்பித்தேன். "அதில் அரசியலைக் கலந்த இவரது ஆட்டத்தை ரசிகர்களாகிய நாங்கள் இனி பார்ப்பதில்லை என முடிவு செய்துள்ளோம்" என்று முடித்தேன். பார்க்க மாட்டோம் என்பதை யாரும் எழுதச் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு. "சொன்னது பொய்" என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இந்தப் பக்கம் ஓடி ஒளிந்தேன். பொய் எழுதவில்லை பார், வெறுமனே கோபித்துக்கொண்டோம் என்றுதானே எழுதினேன் என்று எனக்கு நானே சமாதானம் வேறு. போர்மேன் வாசித்துவிட்டு, "அருமையா எழுதிட்டத்தா" என்றார். ரேகை வைப்பவர்களுக்கு மை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

எழுதிக் கொடுத்ததை நிஜமாகவே கடைப்பிடித்தேன், அதுதான் வேடிக்கை. ஆனியில் பெரிய போட்டி ஒன்று டிவியில் வந்தது. என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர், சாயங்காலம் வந்ததும் டிவி முன்னால்தான் சாப்பாடு. அவள் ஆடுகிற நாளில் நான் போய் அமத்திவிடுவேன்.

அவருக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு கிரிக்கெட்காரர் அவருக்குச் சாமி மாதிரி. அந்த ஆள் ஒரு தேர்தலில், இவருக்குப் பிடிக்காத கட்சிக்கு ஓட்டுக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் மட்டை பிடிக்க வந்தால் இவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார், அவுட்டானதும் உள்ளே வருவார். நான் அப்போது சிரித்தேன். "அவரு அடிக்கிறதப் பாருங்க, ஓட்டுக் கேட்ட வாய எதுக்குப் பாக்குறீக?" என்று வம்பிழுத்தேன். இப்போது நான் டிவியை அமத்துகிறேன்.

"இங்கரு, அவன் கட்சிக்கு ஓட்டுக் கேட்டான், எனக்குப் புடிக்கல, பாக்கல. அது என் இஷ்டம். இந்தப் பிள்ள என்ன கேட்டுச்சு? கம்பி இல்லன்னு சொல்லுச்சு. கம்பி இருந்துச்சா, இல்லையா?" என்றார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"அதச் சொல்லிட்டு டிவிய அமத்து" என்றார் அங்கிருந்தே.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. விளையாடுகிறவர்கள் அரசியல் பேசலாமா, பேசினால் நாம் பார்க்கலாமா என்று ஊர் முழுக்கப் பட்டிமன்றம் நடக்கிறது. எனக்கும் அதற்கு நல்ல பதில் தெரியாது. அவள் எனக்குப் பிடிக்காத எதையாவது பேசியிருந்தால் நானும் என் வீட்டுக்காரர் மாதிரி வாசலுக்குப் போயிருப்பேனோ என்னவோ. பிடிக்காத ஆளைப் பார்க்காமல் இருப்பது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பட்டிமன்றமே ஒரு திரை. அதைப் பேசிக்கொண்டிருக்கும் வரைக்கும், அவள் சொன்னது நிஜமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்தத் திரைக்குத் துணி நெய்து கொடுத்தவள் நான்.

ஆடி முடியும்போது பஸ் ஸ்டாண்டில் செத்துப்போனவளின் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவர். நான் பார்க்காத மாதிரி போயிருப்பேன், அவரே வந்து எதிரே நின்றார்.

"தங்கச்சி, அவ தகட்டத் தொடாமலா உள்ள போயிருப்பா? வீட்டுலயே அடுப்பப் பத்தவைக்கிறதுக்கு முன்னால சொவத்தத் தொடுவா. நான் கேலி பண்ணுவேன். பிள்ளைக பள்ளிக்கூடத்துல ஒங்க அம்மாவாலதான் வெடிச்சதுன்னு சொல்றாகளாம். நீங்க கூடவே இருந்தீக. நீங்க சொல்லுங்க, தொடாம போற ஆளா அவ?"

"தொடாம போற ஆள் இல்லண்ணே" என்றேன். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன், அது என் ஊர் பஸ்கூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் அவளுக்கு ஆட்டம். கம்பெனிகள் வேன் விடவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக, தொப்பி இல்லாமல், டவுன் பஸ் பிடித்து, தனியாகக் கபடி பார்க்கப் போனேன். பாதி இடம் காலி. யார் யாரோ அவளைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள், அசிங்கமாகவும் போட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன், அவள் பக்கம். அவள் அணி தோற்றது. அவளுக்குப் பழைய வேகம் இல்லை. வேலை பார்க்கிற இடத்தில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆட்டம் முடிந்து முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிட்டே போனேன்.

"வாங்கக்கா. ஒங்க சத்தம் கேட்டுச்சு" என்றாள்.

"ஒன்னையப் பாக்கத்தான் தாயி வந்தேன். யாரும் வராட்டிப் போறாக. இனிமே நான் எல்லா ஆட்டத்துக்கும் வருவேன்" என்றேன். சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. பெரிய தியாகம் செய்கிற நினைப்பு.

அவளுக்குக் கண் கலங்கவில்லை. ஐஸை எடுத்துக் கீழே வைத்தாள். "என் ஆட்டத்தப் பாருங்கன்னு நான் யாரக்கா கேட்டேன்? பாக்காதவுக போகட்டும். அதுக்காகவா நான் மைக்கப் புடிச்சேன்?" என்றாள். "வர்ற புதங்கெழம சூலக்கரை கலெக்டர் ஆபீசுல விசாரணை. நான் வாக்குமூலம் குடுக்கப் போறேன். ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே நின்னு போனவ, பொறாமையில சொல்றான்னு கம்பெனியில எழுதிக் குடுத்திருக்காக. கூட இருந்த பொம்பளைக யாரும் இத நம்பலன்னு ஒரு கடுதாசியும் வச்சிருக்காக."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஒங்க கையெழுத்து எனக்குத் தெரியாதாக்கா? டோர்னமெண்டுக்குப் போக எனக்கு லீவு லெட்டர் பூராம் எழுதிக் குடுத்தது நீங்கதான" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "அன்னைக்குத் தகட்டக் கழட்டும்போது நீங்களும் பாத்தீக. பாத்த ஆளு ரெண்டே பேருதான். கை தட்டாதீகக்கா. வந்து சொல்லுங்க."

புதன்கிழமை லீவு எழுதவில்லை, சொல்லாமல் கொள்ளாமல் நின்றேன். வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து சூலக்கரையில் இறக்கிவிட்டு, லோடு ஏற்றப் போய்விட்டார். அவள் எனக்கு முன்னாலேயே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து பெஞ்சில் செத்துப்போனவளின் வீட்டுக்காரர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "தங்கச்சி, வந்துட்டீகளா. எனக்குத் தெரியும் நீங்க வருவீகன்னு" என்றார்.

மூன்று பேரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நான் எழுதிய தாளை என் முன்னால் வைத்தார். இது யார் எழுதியது என்றார். நான்தான் என்றேன். யாரும் கட்டாயப்படுத்தினார்களா என்றார். கடுதாசி கேட்டார்கள், ஆனால் இந்த வார்த்தையெல்லாம் என்னுடையது, இதில் இருப்பது அத்தனையும் சால்ஜாப்பு என்றேன். பிறகு தகட்டைப் பற்றிச் சொன்னேன். புளி, திருகாணி, ஒரு சாண் கம்பி, சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மண். போர்மேன் சொன்ன பதில். ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மா எழுதிக்கொண்டே வந்தார். தன் வீட்டுக்காரிக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்ற மாதிரி அந்த அண்ணன் முகம் மலர்ந்துகொண்டே வந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"நீங்க இதப் பாத்தது எப்ப?" என்று கேட்டார் அதிகாரி.

சொல்லத்தான் வந்திருந்தேன். "ரெண்டு வருசத்துக்கு முந்துன ஆயுத பூஜைக்கு" என்றேன்.

பேனா நின்றது. "அப்ப விபத்துக்கு ஒன்றரை வருசம் முன்னாடியே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அந்த அறையில வேல பாத்தவங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லல."

எழுதி முடித்து வாசித்துக் காட்டினார்கள். இறந்துபோனவர் தகட்டைத் தொட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள். அந்த அண்ணன் தன் முறைக்குப் பேனாவை வாங்கியவர் எழுதாமல் என் பக்கம் திரும்பினார். முகத்தில் இருந்த மலர்ச்சி எங்கேயோ போய்விட்டது.

"தெனம் அவகூட ஒரே வேன்லதான தங்கச்சி வந்தீக?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.